பாஸ்போர்ட்டில் நின்றுபோன ஆட்டம்: ஹோடினோஷோனி லாக்ரோஸ் அணியின் கதை

2010 ஜூலையில் நியூயார்க்கில் 23 ஆட்டக்காரர்கள் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். முனையில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து கோல் போடும் ஆட்டம் லாக்ரோஸ். மான்செஸ்டரில் அதன் உலகக் கோப்பை தொடங்கப் போகிறது, முதல் ஆட்டமே போட்டியை நடத்தும் இங்கிலாந்தோடு. கையில் பாஸ்போர்ட் இருந்தது. ஆனால் அதைக் கொடுத்தது அமெரிக்காவும் இல்லை, கனடாவும் இல்லை. வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஹோடினோஷோனி கூட்டமைப்பு தன் மக்களுக்குத் தானே வழங்கிய பாஸ்போர்ட் அது. அதை ஏற்க முடியாது என்று பிரிட்டன் சொல்லிவிட்டது. அமெரிக்க பாஸ்போர்ட்டை அவசரமாகப் போட்டுத் தருகிறோம், வாங்கிக்கொண்டு போங்கள் என்றார்கள் அமெரிக்க அதிகாரிகள். அணி வேண்டாம் என்றது. ஒரு பந்துகூட எறியாமல் போட்டியை விட்டு விலகியது.

பொதுவாக ஓர் அணி எப்படி வளர்ந்தது என்று எழுதும்போது எத்தனை வெற்றி, எத்தனை பதக்கம் என்றுதான் அடுக்குவோம். இந்த அணிக்கும் அந்தக் கணக்கு உண்டு, கீழே வரும். ஆனால் இவர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஆடாமல் திரும்பிய அந்த வாரத்தை விட்டுவிட்டு இவர்களுடைய பதக்கங்களைப் புரிந்துகொள்ளவே முடியாது. ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னாலிருந்து வர வேண்டும்.

யார் இவர்கள்

மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்று ஆறு தேசங்கள் சேர்ந்த கூட்டமைப்பு ஹோடினோஷோனி. முதலில் ஐந்துதான், டஸ்கரோரா 18-ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே தங்களுக்குள் சமாதானச் சட்டம் வகுத்து, தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் முறையை வைத்திருந்தவர்கள். உலகம் இவர்களை நெடுங்காலம் இரோக்குவாய் என்றே அழைத்தது. அது பிரெஞ்சுக்காரர் வழியாக வந்த பெயர், இவர்கள் வைத்துக்கொண்டது இல்லை. இன்றைக்கு இவர்கள் வாழும் நிலங்கள் நியூயார்க் மாநிலத்திலும் ஒன்டாரியோவிலும் கியூபெக்கிலும் சிதறிக் கிடக்கின்றன. அக்வெசாஸ்னே என்ற மோஹாக் பகுதியின் நடுவிலேயே அமெரிக்க-கனடா எல்லைக்கோடு ஓடுகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு பக்கம், சித்தப்பா மகன் இன்னொரு பக்கம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் ஒலிம்பிக் விஷயம் பேசும்போது இது தேவைப்படும்.

லாக்ரோஸ் இவர்களுக்கு வெறும் விளையாட்டு இல்லை. படைத்தவன் மகிழ்வதற்காக ஆடுவது, ஊரில் ஒருவர் நோயில் படுத்தால் அவருக்காக ஆடுவது, அதனால் இதை மருந்தாட்டம் என்றே சொல்கிறார்கள். தொட்டிலில் கிடக்கும் ஆண் குழந்தை பக்கத்தில் சின்ன மட்டை ஒன்று வைப்பார்கள். இறந்தால் மட்டையோடு புதைப்பதும் உண்டு. மரத்தில் செய்யும் மட்டைக்கு ஹிக்கரி மரம்தான் வேண்டும்: அதை வெட்டி, பிளந்து, ஆவி காட்டி வளைத்து, மாதக்கணக்கில் காய வைத்து, செதுக்கி, தோல்வார் கட்டி முடிக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆகும். 2023-இல் காலமான ஆல்ஃப் ஜாக்ஸ் என்ற ஒனொண்டாகா கைவினைஞர் வாழ்நாள் முழுக்க இந்த வேலையைச் செய்தவர். அவர் உயிருள்ள மரத்திலிருந்து வந்த மட்டைக்கும் உயிர் உண்டு என்று நம்பும் மரபைச் சேர்ந்தவர்.

இந்த ஆட்டம் எப்படி வந்தது என்று அவர்களிடம் ஒரு கதை உண்டு. நிலத்து விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் ஒரு போட்டி. கரடி, மான், ஆமை எல்லாம் ஒரு பக்கம். சின்ன எலியும் அணிலும் நாங்களும் ஆடுகிறோம் என்று வர, உங்களால் என்ன ஆகும் என்று விரட்டிவிடுகின்றன விலங்குகள். பறவைகள் இரண்டையும் சேர்த்துக்கொண்டு, மேளத்துத் தோலை வெட்டி ஒன்றுக்குச் சிறகு கட்டுகின்றன, அது வௌவால் ஆகிறது. இன்னொன்றின் தோலை இரண்டு பக்கமும் இழுத்து நீட்ட, அது பறக்கும் அணில் ஆகிறது. கடைசியில் ஜெயித்தது பறவைகள்.

ஆட்டம் கைமாறியது

19-ஆம் நூற்றாண்டில் மான்ட்ரியாலில் வாழ்ந்த வெள்ளையர்கள் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஜார்ஜ் பியர்ஸ் என்ற பல் மருத்துவர் இதற்கு விதிமுறை எழுதினார், 1867-இல் கனடாவில் தேசியச் சங்கம் உருவானது. 1876-இல் அவரே கானவாகே பகுதியின் மோஹாக் ஆட்டக்காரர்களையும் ஒரு வெள்ளையர் அணியையும் பிரிட்டனுக்குக் கூட்டிப்போய் ஊர் ஊராக ஆடிக் காட்ட வைத்தார், விக்டோரியா மகாராணி முன்னாலும் ஆடினார்கள். கூட்டம் வருவதற்கு மோஹாக்குகள் தேவைப்பட்டார்கள். அடுத்த நான்கே வருடத்தில், 1880-இல், பணம் வாங்கி ஆடுகிறவர்களுக்குச் சாம்பியன்ஷிப்பில் இடமில்லை என்று சங்கம் கதவைச் சாத்தியபோது வெளியே நின்றது பெரும்பாலும் பூர்வகுடி ஆட்டக்காரர்கள்தான். பயணச் செலவுக்குக் காசு வாங்காமல் அவர்களால் ஆட வர முடியாது, காசு வாங்கினால் அமெச்சூர் இல்லை. நல்லவர்கள் எழுதிய நல்ல விதி மாதிரியே தெரியும், ஆனால் அது யாரை வெளியே தள்ளியது என்று பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் லாக்ரோஸ் இருந்தது. மூன்றே அணிகள். அதில் ஒன்று மோஹாக் அணி, மூன்றாம் இடம். அந்த வெண்கலம் ஒலிம்பிக் ஏட்டில் கனடாவின் கணக்கில் இருக்கிறது.

சரி, அதன் பிறகு சர்வதேச மைதானத்தில் இவர்கள் பெயரே இல்லாமல் போனது. ஆட்டம் மட்டும் ஊருக்குள் சாகவில்லை. 1930-களின் தொடக்கத்தில் கனடாவின் ஐஸ் ஹாக்கி அரங்குகளில், கோடையில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பயன்படுத்த, பாக்ஸ் லாக்ரோஸ் என்ற உள்ளரங்க வடிவம் வந்தது. சின்ன இடம், சுற்றிலும் பலகை, சின்ன கோல், பந்தைக் கையாள மூச்சுவிடும் நேரம்தான் கிடைக்கும். ஹோடினோஷோனி பகுதிகள் இதை அப்படியே வாரி அணைத்துக்கொண்டன. உலகம் ஆடிய மட்டைகளில் பெரும்பகுதியை அக்வெசாஸ்னேயில் இருந்த ஒரு பட்டறைதான் செய்து அனுப்பிக்கொண்டிருந்தது, அது 1968-இல் தீயில் அழிந்தது, சில வருடங்களிலேயே பிளாஸ்டிக் தலை வைத்த மட்டை வந்துவிட்டது. விதி அவர்கள் கையை விட்டுப் போய் நூறு வருடம் கழித்து, மட்டையும் போனது.

1983

ஓரன் லயன்ஸ் என்ற ஒனொண்டாகா தலைவரின் பெயர் இங்கே வர வேண்டும். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு கோல்கீப்பராக ஆடியவர், 1957-இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அந்த அணியில், பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும் புகழ் பெற்ற ஜிம் பிரவுன் அவருடைய சகா. படித்து நியூயார்க்கில் ஓவியராக வேலை பார்த்து, பிறகு ஊர் திரும்பி மரபைக் காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர். 1977-இல் ஜெனீவாவில் ஐக்கிய நாடுகள் கூட்டத்துக்குப் போன பூர்வகுடிக் குழுவில், ஹோடினோஷோனி பாஸ்போர்ட்டோடு போனவர்களில் ஒருவர். இந்த பாஸ்போர்ட் வழக்கம் அவருக்கும் முந்தையது: 1923-இல் டெஸ்கஹே என்ற கயூகா தலைவர் தன் மக்களின் பாஸ்போர்ட்டோடுதான் ஜெனீவாவுக்குப் போய், ஐக்கிய நாடுகளுக்கு முன்பிருந்த சர்வதேச சங்கத்தின் கதவைத் தட்டினார். அங்கே அவருக்குப் பேச இடம் கிடைக்கவில்லை.

லயன்ஸும், ரிக் ஹில், வெஸ் பேட்டர்சன் ஆகிய இருவரும் சேர்ந்து 1983-இல் இரோக்குவாய் நேஷனல்ஸ் என்ற அணியை உருவாக்கினார்கள். பெயரைக் கவனியுங்கள், அது கிளப் பெயர் இல்லை, தேசிய அணியின் பெயர். அடுத்த வருடம் லாஸ் ஏஞ்சலஸில் ஒலிம்பிக் நடந்தபோது, அதே ஊரில் பூர்வகுடி ஒலிம்பிக் வீரர் ஜிம் தோர்ப் நினைவாக நடந்த பூர்வகுடிகள் விளையாட்டு விழாவில் ஆடினார்கள். 1985-இல் தங்கள் சொந்த பாஸ்போர்ட்டிலேயே இங்கிலாந்து போய் ஆடிவிட்டு வந்தார்கள். ஆமாம், 25 வருடம் கழித்து உள்ளே விடமாட்டேன் என்ற அதே நாடுதான்.

சர்வதேச சம்மேளனம் இவர்களை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள, 1990-இல் பெர்த்தில் நடந்த உலகக் கோப்பையில் முதல் முறையாக ஊதா நிறக் கொடி மற்ற தேசக் கொடிகளோடு ஏறியது. முதல் ஐந்து தேசங்களின் ஒற்றுமையைக் குறிக்கும் ஹயவாதா மணிப்பட்டையிலிருந்து எடுத்த கொடி, நான்கு சதுரமும் நடுவில் ஒரு மரமும். ஐந்து அணிகள் ஆடியதில் இவர்களுக்கு ஐந்தாவது இடம்.

இந்த ஐந்தாவது இடத்தை நான் தோல்வியாக எண்ணவில்லை. பாக்ஸில் வளர்ந்தவர்கள், பெரிய புல்வெளியில் பத்துப் பேர் ஆடும் ஆட்டம் அவர்களுக்குக் கிட்டத்தட்ட வேறு விளையாட்டு. அமெரிக்காவுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கல்லூரி அணிகள் இருக்கின்றன, இவர்களுக்குப் பின்னால் இருந்தது சில ஊர்கள். பயணத்துக்கான பணத்தை வசூல் பண்ணித்தான் புறப்பட வேண்டும்.

நான்காம் இடத்தில் நின்ற காலம்

1994-இல் மான்செஸ்டரில் மறுபடியும் ஐந்தாவது. அப்புறம் 1998 பால்டிமோர், 2002 பெர்த், 2006 ஒன்டாரியோ, மூன்றிலும் நான்காவது. மூன்று முறையும் வெண்கலத்தை எடுத்துக்கொண்டு போனது ஆஸ்திரேலியா. அதே காலத்தில் உள்ளரங்கில் கதை வேறு. 2003-இல் தொடங்கிய உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பின் முதல் இறுதி ஆட்டத்திலேயே இவர்கள் இருந்தார்கள், கனடாவிடம் 21-4 என்று நொறுங்கினாலும். அடுத்த இறுதி 2007-இல் ஹாலிஃபாக்ஸில், மறுபடியும் கனடா, கூடுதல் நேரம் வரை இழுத்து 15-14 என்று மயிரிழையில் போனது. 21-4-லிருந்து 15-14, இடையில் நான்கே வருடம். இந்த அணி எழுந்துவிட்டது என்பதற்கு எனக்கு அந்த இரண்டு ஸ்கோரே போதும்.

இப்போது 2010-க்கு வருவோம்.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்கா தன் எல்லை விதிகளை இறுக்கியது. ஹோடினோஷோனி பாஸ்போர்ட்டில் பாதி விவரம் கையால் எழுதியது, புதிய விதி கேட்கும் பாதுகாப்பு அம்சங்கள் அதில் இல்லை. அமெரிக்கா முதலில் சொன்னது, இதில் வெளியே போனால் திரும்பி வர விடுவோம் என்று உறுதி தர முடியாது என்பது. பிரிட்டன் சொன்னது, திரும்பிப் போகலாம் என்று அமெரிக்கா உறுதி தந்தால்தான் விசா பற்றிப் பேசலாம் என்பது. இரண்டு கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். தலைவர்கள் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் பேசிக்கொண்டே இருக்க, ஆட்டக்காரர்கள் நியூயார்க்கில் கிடைத்த இடத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். செலவு ஏறிக்கொண்டே போனது, திரைப்பட இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் 50,000 டாலர் கொடுத்தார். கடைசியில் வெளியுறவுச் செயலராக இருந்த ஹிலாரி கிளின்டன் தலையிட்டு, இந்த ஒரு தடவைக்கு மட்டும் அனுமதி என்று உத்தரவு போட்டார். பெரிய தடை விலகியது என்று எல்லோரும் நினைத்தபோது பிரிட்டன், அமெரிக்க அல்லது கனடா பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே வர முடியாது என்று மறுத்துவிட்டது.

அந்த நேரத்தில் எடுத்த முடிவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பெரும்பாலானவர்கள் இருபதுகளில் இருக்கும் பையன்கள். நான்கு வருடத்துக்கு ஒரு முறை வரும் போட்டி, அடுத்த முறை கால் நன்றாக இருக்குமோ இருக்காதோ. ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் போதும், மறுநாள் விமானம். ஆனால் இவர்கள் 1990-லிருந்து ஆடிக்கொண்டிருந்ததே நாங்கள் ஒரு தேசம் என்று சொல்லத்தான். வேறு நாட்டின் குடிமகனாக மைதானத்தில் இறங்கிவிட்டு மேலே சொந்தக் கொடியை ஏற்றினால் அந்தக் கொடிக்கு என்ன அர்த்தம்? அதனால் போகவில்லை. இங்கிலாந்துடனான தொடக்க ஆட்டம் ஆடாமலே தோல்வியாகப் பதிவானது.

அதற்குப் பின்

தோல்வியாகப் பதிவான அந்த ஆட்டம்தான் இவர்களை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. லாக்ரோஸ் என்றால் என்ன என்றே தெரியாதவர்கள்கூட ஹோடினோஷோனி என்ற பெயரை முதன்முதலில் கேட்டது அந்த வாரத்தில்தான், நானும் அவர்களில் ஒருவன்.

மைதானத்திலும் ஒரு புதிய தலைமுறை தயாராகிக்கொண்டிருந்தது. 2012-இல் பின்லாந்தின் டுர்க்குவில் 19 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் அமெரிக்காவை 15-13 என்று வென்றார்கள். பெரியவர்கள் அணியால் அதுவரை செய்ய முடியாததைப் பையன்கள் செய்துகாட்டினார்கள். இந்த மக்களில் பிறந்த தாம்ப்சன் சகோதரர்கள் ஆல்பனி பல்கலைக்கழகத்தில் ஆடத் தொடங்கினார்கள். 2014-இல் கல்லூரி லாக்ரோஸின் மிக உயர்ந்த விருதான டெவாராட்டனை லைல் தாம்ப்சனும் அவருடைய அண்ணன் மைல்ஸும் பகிர்ந்துகொண்டார்கள். அந்த விருதின் பெயரே இந்த ஆட்டத்தின் மோஹாக் பெயர், அதை வாங்கிய முதல் பூர்வகுடிகள் இவர்கள்தான் என்பதைப் படித்தபோது கொஞ்ச நேரம் அந்த வரியிலேயே நின்றேன். அடுத்த வருடம் லைல் தனியாகவும் வாங்கினார், கல்லூரி வாழ்க்கையில் கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து மொத்தம் 400 புள்ளிகள், அதுவரை யாரும் எட்டாத எண். நீண்ட பின்னலோடு ஆடுவார். பின்னால், முதுகுக்குப் பின்புறமாக, பார்க்காமலே எறிவார். எல்லாம் பாக்ஸில் பழகிய கை.

இந்த எழுச்சிக்கான காரணம் இங்கேதான் புரிகிறது. பாக்ஸில் வளர்ந்தது ஒரு காலத்தில் இவர்களுக்குக் குறையாக இருந்தது. கல்லூரி உதவித்தொகை கிடைத்து, புல்வெளி ஆட்டத்தின் ஓட்டமும் தற்காப்பு முறையும் பழகியபின், அந்த நெருக்கத்தில் கற்ற மட்டைத் திறன் மற்றவர்களிடம் இல்லாத ஆயுதமாக மாறியது. 2009-இல் சிரக்யூஸுக்குத் தேசியப் பட்டம் வாங்கித்தந்த கூடுதல் நேர கோலை அடித்தது ஒன்டாரியோவில் உள்ள சிக்ஸ் நேஷன்ஸ் என்ற ஹோடினோஷோனி ஊரைச் சேர்ந்த கோடி ஜேமிசன். இப்படி ஒவ்வொருவராகப் பெரிய கல்லூரிகளில் ஆடிவிட்டுத் தேசிய அணிக்குத் திரும்பினார்கள்.

2014 டென்வர் உலகக் கோப்பை. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் எதிரே வந்தது ஆஸ்திரேலியா. 16-5. உலகக் கோப்பையில் முதல் பதக்கம். 2018-இல் இஸ்ரேலின் நெதன்யாவில் மறுபடியும் வெண்கலம், மறுபடியும் ஆஸ்திரேலியா, 14-12. 2023 சான் டியாகோவிலும் ஆஸ்திரேலியாவை வென்று மூன்றாவது வெண்கலம். உள்ளரங்கிலோ, 2003-லிருந்து 2019 வரை நடந்த ஐந்து போட்டியிலும் வெள்ளி, 2024-இல் வெண்கலம். அந்த ஐந்து இறுதியிலும் கனடாவைத் தாண்ட முடியவில்லை, இரண்டு வடிவத்திலும் இன்னும் தங்கம் இல்லை. இதை மறைத்துப் பேச வேண்டியதில்லை: கனடாவிலும் அமெரிக்காவிலும் கிடைக்கும் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை எங்கே, சில ஊர்களின் எண்ணிக்கை எங்கே.

எனக்கு மிகவும் பிடித்தது 2015. உலக உள்ளரங்கப் போட்டியை சிரக்யூஸுக்குத் தெற்கே, ஒனொண்டாகா தேசம் தன் சொந்த நிலத்தில் நடத்தியது. பதின்மூன்று அணிகள் வந்தன. வந்தவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி ஒனொண்டாகா முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இங்கிலாந்து வீரர்களின் பாஸ்போர்ட்டும் அதில் உண்டு.

பெண்கள் அணியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக ஒன்று. மருந்தாட்டம் ஆண்களுக்கு உரியது, மர மட்டையைப் பெண்கள் தொடுவதில்லை என்பது மரபு. 1980-களில் பெண்கள் அணி தொடங்க முயன்றபோது குலத்தை வழிநடத்தும் மூத்த பெண்களான குலத்தாய்மார்களே எதிர்த்தார்கள். பிறகு மெல்ல வழி பிறந்து, 2008-இல் பெண்கள் அணியும் சம்மேளனத்தில் சேர்ந்தது. 2015-இல் ஸ்காட்லாந்தில் நடந்த போட்டிக்கு இளம்பெண்கள் அணி புறப்பட்டபோது, அதே பாஸ்போர்ட் காரணத்தால் அவர்களாலும் போக முடியவில்லை.

ஒலிம்பிக்

2022-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமில், ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டங்களுக்கான உலக விளையாட்டுப் போட்டிகள் (World Games) நடக்கவிருந்தன. உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த அணிக்கு அதில் முதலில் இடமில்லை. காரணம், இறையாண்மை கொண்ட நாடாக அங்கீகாரம் இல்லை, தங்களுக்கென்று தேசிய ஒலிம்பிக் கமிட்டி இல்லை. எதிர்ப்பு பெரிதாகி, அமைப்பாளர்கள் மனம் மாறியபோது காலியாக இடம் இல்லை. 2020 செப்டம்பரில் அயர்லாந்து தன் இடத்தை விட்டுக்கொடுத்தது. அவர்களைச் சேர்ப்பதுதான் முறை என்பதைத் தவிர அயர்லாந்துக்கு இதில் எந்த லாபமும் இல்லை. 2022-இல்தான் அணியும் இரோக்குவாய் என்ற பெயரை விட்டு ஹோடினோஷோனி நேஷனல்ஸ் ஆனது.

2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் போட்டியில் ஐந்து விளையாட்டுகளைச் சேர்த்தது. நம்மூரில் கிரிக்கெட் சேர்ந்ததை மட்டும்தான் கொண்டாடினோம். அதே பட்டியலில் லாக்ரோஸும் இருந்தது, அணிக்கு ஆறு பேர் ஆடும் சிக்ஸஸ் வடிவத்தில். சின்ன மைதானம், வேகமான ஆட்டம், பாக்ஸுக்கு நெருங்கிய உறவு. ஹோடினோஷோனி அணிக்குப் பொருந்திவரும் வடிவம்.

ஆனால் விதி குறுக்கே நிற்கிறது. தனிக்கொடியோடு ஒலிம்பிக்கில் ஆட தேசிய ஒலிம்பிக் கமிட்டி வேண்டும். 1996-லிருந்து, சர்வதேச சமூகம் தனி அரசாக ஏற்றுக்கொண்ட நாட்டுக்குத்தான் புதிதாக அப்படி ஒரு கமிட்டி அமைக்க முடியும். போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டதால் தனிக்கொடியோடு ஆடுகின்றன. 2023 டிசம்பரில் அன்றைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் இவர்கள் தங்கள் சொந்தக் கொடியின் கீழ் ஆட வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார், கனடா அரசும் ஆதரவு தெரிவித்தது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் பதில், ஆட்டக்காரர்கள் தனித்தனியாக அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ ஆடலாம் என்பது.

அதாவது அக்வெசாஸ்னேயில் கோட்டுக்கு இந்தப் பக்கம் பிறந்தவன் ஓர் அணியில், அந்தப் பக்கம் பிறந்த அவன் சொந்தக்காரன் எதிரணியில். 2010-இல் நீட்டிய அதே படிவத்தைத்தான் மறுபடியும் நீட்டுகிறார்கள். தகுதி இல்லை என்று யாரும் சொல்லவில்லை, மூன்று உலகக் கோப்பை வெண்கலம் அந்தப் பேச்சுக்கு இடம் வைக்கவில்லை. விதியில் வழி இல்லை என்கிறார்கள். 2016 ரியோவில் எந்த நாட்டுக் கொடியின் கீழும் ஆட முடியாத அகதிகளுக்காக ஒலிம்பிக் கமிட்டியே ஒரு தனி அணியை உருவாக்கியது, அன்றைக்கு வழி பிறந்தது.

லாஸ் ஏஞ்சலஸில் ஆண்களுக்கு ஆறு அணி, பெண்களுக்கு ஆறு அணி. 1984-இல் அதே ஊரில் ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தபோது இவர்கள் வெளியே ஒரு திடலில் ஆடினார்கள். இந்தத் தடவை அவர்கள் உள்ளே ஆடிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அதுவும் ஊதாக் கொடியோடு.